சுருங்க மறுக்கும் கோச்சி

எங்கள் பக்கத்தில் ரயிலுக்குப் பெயர் கோச்சி. பாடப்புத்தகம் புகையிரதம் என்று சொல்லும், நிலையத்துப் பலகையும் அப்படியே சொல்லும். வாயைத் திறந்தால் வருவது கோச்சிதான். சிங்களத்திலும் அது கோச்சிய. ஹங்கேரியில் கோச் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர்போக, ஊரின் பெயரே வண்டிக்கும் ஆகிவிட்டது. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்து, ரயில் பெட்டிக்கும் பெயராகி, கப்பலேறி இலங்கைக்கு வந்தது. இங்கே நம் ஆட்கள் பெட்டியின் பெயரை முழு ரயிலுக்கும் கொடுத்துவிட்டார்கள். என்ஜினை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாம் ஏறுவது பெட்டியில்தானே.

கப்பல்துறை என்று ஊர்ப் பெயரிலேயே கப்பல் இருந்தும், சின்ன வயதில் எனக்குப் பித்து கோச்சிமேல்தான். தீப்பெட்டிகளை நூலில் கோத்து, சோடா மூடிகளைச் சக்கரமாக்கி, சீமெந்துத் திண்ணையில் இழுப்பேன். திருப்பத்தில் கவிழும். மெதுவாக இழுத்தாலும் கவிழும். ஒருநாள் பெட்டிகளுக்குள் கொஞ்சம் கடற்கரை மணலைப் போட்டேன். கவிழவில்லை. நிஜக் கோச்சி மணல் ஏற்றாமலேயே கல்லோயாவிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று திருகோணமலை வரைக்கும் ஒழுங்காக ஓடுகிறதே, என் கோச்சிக்கு மட்டும் ஏன் மணல் வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்குப் பல வருடம் எடுத்தது. விடை தீப்பெட்டியில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

திருகோணமலைப் பாதை திறந்தது 1927இல். அந்தக் காலத்து மரப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறிதாக, ஆணி ஆணியாக ஒத்திருக்கும்படி செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உலகில் மாதிரி ரயில் செய்பவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் அளவிடை 1:87. நிஜத்தில் 87 அடி, மாதிரியில் ஓர் அடி. அறுபது அடிப் பெட்டி, அதாவது 18.3 மீற்றர், 21 சென்ரிமீற்றராகிவிடும். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றைவிடக் குட்டை. கதவருகில் நிற்கும் பயணி இரண்டு சென்ரிமீற்றர் உயரம். இதுவரை சிக்கல் இல்லை. ஒன்பதாம் வகுப்பு அளவிடைப் படம்தான்.

சிக்கல் தராசில் ஏற்றும்போது தொடங்கும். நீளம் 87 மடங்கு குறைந்தால் அகலமும் 87 மடங்கு, உயரமும் 87 மடங்கு குறையும். மூன்றையும் பெருக்கினால் கனவளவு ஆறரை இலட்சம் மடங்குக்கு மேல் குறைந்துபோகிறது. பெட்டியின் நிறை 35 தொன் என்று வையுங்கள். அதே மரம், அதே இரும்பு, எல்லாம் அதே விகிதத்தில் செய்தால் மாதிரியின் நிறை 53 கிராம். ஒரு கோழிமுட்டை. முட்டை நிறையில் ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து இழுத்தால், தண்டவாள இணைப்பில் கிடக்கும் ஒரு தூசு போதும் அதைத் தூக்கிப் போட. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இந்த அளவிடைக்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது: முதலில் ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 21 சென்ரிமீற்றர் பெட்டிக்கு அது ஏறத்தாழ 145 கிராம். கணக்குப்படி இருக்கவேண்டியதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெட்டியின் தரைக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஈயமோ இரும்போ ஒட்டுகிறார்கள். நான் போட்டது மணல்.

பாரம் கூடவேண்டியிருப்பது ஏன்? நாம் பெட்டியைச் சுருக்கினோம், உலகத்தைச் சுருக்கவில்லை. தூசு அதே தூசு. தலைமுடி ஒன்று தண்டவாளத்தில் விழுந்தால், மாதிரிக் கோச்சிக்கு அது ஆறு மில்லிமீற்றர் தடித்த கம்பி. நிஜச் சக்கரத்தின் உட்பக்க விளிம்பு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் இறங்கியிருக்கும். சக்கரத்தைத் தடத்திலேயே பிடித்து வைத்திருப்பது அதுதான். அளவிடைப்படி மாதிரியில் அது 0.32 மில்லிமீற்றர் இருந்தால் போதும். அப்படிச் செய்து பார்த்தவர்கள் தண்டவாளம் துடைத்தே காலம் கழித்தார்கள். வழக்கமான மாதிரிச் சக்கரத்தில் விளிம்பு இரட்டிப்பு ஆழம். நிஜ அளவுக்குப் பெருக்கினால் 56 மில்லிமீற்றர்.

இதையெல்லாம் முதலில் எழுத்தில் வைத்தவர் கலிலியோ. 1638இல் வந்த அவருடைய கடைசி நூல் உரையாடல் வடிவத்தில் இருக்கிறது. அந்த உரையாடல் தொடங்கும் இடம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்: வெனிஸ் நகரத்தின் கப்பல் கட்டும் துறை. சின்னப் படகை இறக்கும்போது போடுகிற முட்டுகளைப்போல் பல மடங்கு முட்டுகளைப் பெரிய கப்பலுக்குப் போடுகிறார்களே, ஏன் என்பதில் பேச்சு தொடங்குகிறது. பெரிய கப்பல் தன் பாரத்தாலேயே முறிந்துவிடும் என்று அங்கிருந்த தச்சர்களுக்குத் தெரியும். வடிவம் ஒன்றாக இருந்தாலும் பெரியது பலவீனம் என்பதை அவர்களிடமிருந்து கேட்டுக் கலிலியோ கணக்காக்கினார். பாரம் கனவளவோடு கூடும். தாங்கும் வலு மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்போடுதான் கூடும். கனவளவோடு பரப்பு ஓடி ஈடுகொடுக்க முடியாது.

பழைய மரப்பெட்டியில் இது கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் சட்டகத்தின் கீழ் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய கம்பிகள் பலவற்றில் இருக்கும். இரண்டு நடுக்கால்கள் அவற்றைக் கீழ்நோக்கித் தள்ளி, வில்லின் நாண்போல் விறைப்பாக வைத்திருக்கும். அவை இல்லாவிட்டால் நீளப்பெட்டி நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். ஒரு சட்டம் தன் பாரத்தால் தொய்வது, நீளத்தோடு ஒப்பிட்டால், நீளம் குறையக் குறையக் குறையும். 1:87 மாதிரியில் அந்தத் தொய்வு 87இல் ஒரு பங்கு. அங்கே அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. இருந்தாலும் மாதிரி செய்கிறவர் ஊசி நுனிபோன்ற பித்தளைக் கம்பியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைக்கிறார். நிஜத்தில் எலும்பாக இருந்தது இங்கே நகை.

அப்படியானால் பொருள் விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருப்போமே, தேக்குப் பெட்டிக்குத் தேக்கையே எடுப்போமே என்று ஒருவர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். தேக்கின் குறுக்குவெட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய துளைகள் இருக்கின்றன. மரம் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. பெரியவை கால் மில்லிமீற்றர் அகலம். 87ஆல் பெருக்கினால் இருபது மில்லிமீற்றருக்கு மேல். விரல் நுழையும் ஓட்டைகள் நிறைந்த பலகையால் செய்த பெட்டி! தேக்கைத் தேக்குபோலக் காட்டவேண்டுமானால் தேக்கைத் தவிர வேறெதையாவது எடுக்கவேண்டும். வழக்கமாக எடுப்பது மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் படம் போல மறைப்புப் பூசி, மீதி இடத்தை அமிலக் கரைசல் அரிக்கவிடுவார்கள். வானொலிப் பெட்டியின் மின்சுற்றுப் பலகை செய்கிற அதே முறைதான். பாதி ஆழம் அரித்தால் பலகைச் சட்டத்தின் பள்ளம், முழு ஆழம் அரித்தால் யன்னல். வண்ணமும் அப்படியே: தூரிகையால் தடிப்பாக ஒரு பூச்சு, 0.1 மில்லிமீற்றர் வைத்துக்கொள்ளுங்கள், நிஜ அளவில் ஒன்பது மில்லிமீற்றர் சாந்து பூசியதற்குச் சமம். அரித்துச் செய்த நுணுக்கமெல்லாம் அதற்குள் புதைந்துபோகும்.

நுணுக்கம் எதுவரைக்கும் வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை வகுத்தது கண். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது 0.09 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 87ஆல் பெருக்குங்கள்: ஏழரை மில்லிமீற்றர். நிஜப் பெட்டியில் ஏழரை மில்லிமீற்றருக்குச் சிறியது எதுவோ, அதை மாதிரியில் செய்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். தறையாணியின் தலை, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இருப்பதால், வேண்டும். திருகாணியின் வெட்டு வேண்டாம். இப்போது வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பிசின் அச்சு இயந்திரங்கள் 0.05 மில்லிமீற்றர் படலங்களாக அடுக்குகின்றன. நிஜ அளவில் அது நாலரை மில்லிமீற்றர்கூட இல்லை. கையால் பித்தளை வளைத்த தலைமுறை இதைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுளிக்கிறது. கண்ணின் எல்லையை இயந்திரம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

பெட்டி நிற்கிறது. இனி ஓடவேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கடம் வருகிறது.

மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் கோச்சியை 87ஆல் வகுத்தால், மாதிரி வினாடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். பார்ப்பதற்கு இதுதான் சரியான வேகம். ஆனால் பெட்டி ஆடுவதைக் கவனித்தால் ஏதோ பிசகுகிறது. நிஜப் பெட்டி ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை அசைந்து அசைந்து போகும்; அந்த ஆட்டத்தில்தான் இரவுக் கோச்சியில் நமக்குத் தூக்கம் வரும். மாதிரி அசைவதில்லை, நடுங்குகிறது. உயரமான மரத்தில் கட்டிய ஊஞ்சலையும் பிள்ளைக்கு வாசல் நிலையில் கட்டிய சின்ன ஊஞ்சலையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். கயிறு நான்கு மடங்கு நீளமானால் ஊஞ்சலின் அலைவு காலம் இரண்டு மடங்குதான் கூடும். காலம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. 87இன் வர்க்கமூலம் ஒன்பது சொச்சம். மாதிரியின் ஆட்டம் நிஜத்தைவிட ஒன்பது மடங்கு அவசரம். இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழும் பெட்டி தரையைத் தொட இரண்டு வினாடி எடுக்கும். அதை 23 சென்ரிமீற்றராக்கினால் ஐந்தில் ஒரு வினாடி. கண் இமைக்கும் நேரம். அதனால்தான் பழைய படங்களில் மாதிரி ரயில் பாலத்திலிருந்து விழும்போது பிள்ளைகள்கூட விளையாட்டுச் சாமான் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். சரியாகக் காட்டவேண்டுமானால் வினாடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதிலாக 224 படச்சட்டங்கள் எடுத்து, மெதுவாக ஓட்டவேண்டும். அப்போதும் தெறிக்கும் தண்ணீர்த் துளி காட்டிக்கொடுத்துவிடும். துளியும் சுருங்க மறுக்கிற சாதி. 1957இல் வந்த குவாய் நதிப் பாலப் படத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல் நிஜமாகவே ஒரு பாலத்தைக் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி வந்து வெடிக்கவைத்தார்கள்.

ஆட்டமும் சரியாக வரவேண்டும் என்றால் வேகத்தை 87ஆல் வகுக்கக்கூடாது, ஒன்பது சொச்சத்தால் வகுக்கவேண்டும். அப்போது மாதிரி வினாடிக்கு 1.8 மீற்றர் பறக்கவேண்டும். மேசையை விட்டே ஓடிவிடும். கண்ணுக்கு ஒரு வேகம் சரி, ஈர்ப்புக்கு வேறொரு வேகம் சரி. இரண்டையும் ஒரே மாதிரியில் பிடிக்க வழியில்லை.

இந்த வர்க்கமூல விதியைத் தொழிலாக்கியவர்கள் கப்பல்காரர்கள். வில்லியம் புரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் கப்பல் மாதிரிகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, நிஜக் கப்பலுக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று சொல்லமுடியும் என்றார். மாதிரியால் ஒன்றும் தெரியாது என்று பெரிய பெரிய பொறியியலாளர்கள் அடித்துச் சொன்ன காலம் அது. 16 மடங்கு சிறிய மாதிரியை நான்கு மடங்கு குறைந்த வேகத்தில் இழுங்கள், அலைகளின் வடிவம் ஒத்துப்போகும் என்று காட்டினார். 1872இல் டோர்க்கீயில் பிரித்தானியக் கடற்படைக்காக அவர் அமைத்த நீண்ட தொட்டிதான் இன்றுள்ள அத்தகைய சோதனைத் தொட்டிகளுக்கெல்லாம் தாய். கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலைக் கடலில் இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து, தன் கணக்கைச் சரிபார்த்தும் காட்டினார். 1957 வரை திருகோணமலையில் தளம் வைத்திருந்த கடற்படையும் அதேதான். அந்தத் தொட்டி அமைந்தபின் இந்தத் துறைமுகத்துக்கு வந்த எத்தனையோ கப்பல்கள் முதலில் மெழுகில் செய்த குட்டி மாதிரிகளாக மிதந்தவை. கப்பல் மாதிரி கேள்வி கேட்பதற்காகச் செய்யப்படுவது. கோச்சி மாதிரி நினைவு வைப்பதற்காக. அதனால் முன்னது அலையை மட்டும் சரியாகக் காட்டினால் போதும், பின்னதோ யன்னல் கொக்கிக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் கோச்சிக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு, அது இயற்கை கொடுத்ததல்ல. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியபோது தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தடி ஆறு அங்குலம், 1676 மில்லிமீற்றர். இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 1435. கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர், அது 1435ஐ 87ஆல் வகுத்தது. நம் பாதைக்கு 19.3 வேண்டும். கடைத் தண்டவாளத்தில் நம் பெட்டியை ஏற்றினால், நிஜ அளவில் 24 சென்ரிமீற்றர் ஒடுங்கி, சேற்றில் நடக்கப் பயந்து காலை ஒட்டிவைத்து நிற்பவர்போலத் தெரியும். திருகோணமலைக் கோச்சியில் போய்ப் பழகியவர் பார்த்த உடனே ஏதோ சரியில்லை என்பார், எது என்று சொல்லத் தெரியாது.

ஆங்கிலேயருக்கும் இதே கதி என்பது ஓர் ஆறுதல். அவர்களுடைய என்ஜின்கள் ஒடுங்கிய உருவம். 1920களில் கிடைத்த மின் மோட்டார் 1:87 உடலுக்குள் நுழையவில்லை. ஆகவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் 1:76 ஆக்கினார்கள். மோட்டார் பிறகு சிறுத்துவிட்டது, பழக்கம் சிறுக்கவில்லை. நூறு வருடமாக அவர்களுடைய மாதிரி ரயில்கள் ஏழு அங்குலம் ஒடுங்கிய பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனம் பொறுக்காத சிலர் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் தாங்களே செய்து 18.83 மில்லிமீற்றரில் ஓட்டுகிறார்கள். நமக்கும் அந்த வழிதான் இருக்கிறது.

வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகள் ஐந்து செயின் ஆரம் கொண்டவை, அதாவது நூறு மீற்றர். 1:87இல் ஆரம் 1.15 மீற்றர். ஒரு முழு வட்டம் போட்டால் அறையே நிறைந்துவிடும். பெட்டியோடு சேர்த்து விற்கும் விளையாட்டுத் தண்டவாளத்தின் ஆரமோ 36 சென்ரிமீற்றர். நிஜத்தில் 31 மீற்றர். கடுகண்ணாவையில் அப்படியொரு வளைவு போட்டிருந்தால் முதல் கோச்சியே பள்ளத்தில்.

கடுகண்ணாவையைச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். முதல் ரயில் ஓடி 150 வருடம் நிறைந்த நாளில், 2014 டிசம்பர் 27இல், தேசிய புகையிரத அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. கண்டிப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். சென்னைக்குப் போகிறவர்கள் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் கதை அங்கே பெட்டி பெட்டியாக நிற்கிறது. ஆனால் இவற்றில் இல்லாத பெட்டிகள்தான் அதிகம். மரம் உக்கும், உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். கழித்துக் கட்டிய பெட்டியை யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

வரைபடமும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் மாதிரி எப்படிச் செய்வது? ஒரு புகைப்படம் போதும். தண்டவாளம் தெரிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் 1676 மில்லிமீற்றர் என்பது இந்தத் தீவின் எந்த அகலப்பாதைப் படத்திலும் கிடக்கும் அளவுகோல். பெட்டியின் பின்பக்கத்தை நேராக எடுத்த படம் ஒன்றில், அதே முனைக்கு நேர் கீழே தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீற்றர், பெட்டியின் அகலம் 60 மில்லிமீற்றர் என்றால், 60ஐ 32ஆல் வகுத்து 1676ஆல் பெருக்குங்கள். 3.14 மீற்றர். அகலம் வந்துவிட்டது. அதே விகிதத்தில் உயரம், யன்னல், விளக்கு, கைப்பிடி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பக்கவாட்டுப் படமாக இருந்தால் தண்டவாளத்துக்குப் பதிலாகச் சக்கரத்தின் விட்டம் அந்த வேலையைச் செய்யும். கமெரா சரிந்திருந்தால் கணக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு அலுமாரியில், கல்யாண அல்பத்துக்கு அடியில், யாரோ ஒரு பெரியப்பா சீனக்குடாவிலோ திருகோணமலையிலோ கோச்சிக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று கிடக்கலாம். முகம் மங்கியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவர் காலடியில் இரண்டு தண்டவாளமும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.